பல் அடைப்பின் மிச்சக் கணக்கு

போன மாசம் தி. நகரிலிருந்து அத்தை போன் பண்ணினார். குரலில் கொஞ்சம் பதற்றம். "ஏம்பா, நாப்பது வருஷமா வாயில பாதரசத்த வெச்சிருக்கேனாமே? வாட்ஸப்ல வந்திருக்கு. மூணு பல்லையும் தோண்டி எடுத்துட்டு வெள்ளையா அடைச்சுக்கலாம்னு பாக்கறேன்."

அத்தைக்குக் கடைவாயில் மூன்று சில்வர் ஃபில்லிங். எண்பதுகளில் பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அடைத்தது. இன்றுவரை முறுக்கு கடிக்கிறார். "அவசரப்படாதீங்க அத்தை, ரெண்டு வாரம் குடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ரெண்டு வாரம் ஆறு வாரம் ஆனது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பல் மருத்துவன் இல்லை. எனவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வரலாற்றுக் குறிப்பாக மட்டும் படியுங்கள்.

படிக்கத் தொடங்கும்போது என் கேள்வி எளிமையானது: எந்த அடைப்புப் பொருள் விஷம், எது விஷமில்லை? முடிக்கும்போது கேள்வியே மாறிவிட்டது. சுமார் 200 வருடக் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்தான். அடைப்பு என்பது வாய்க்குள்ளேயே நடக்கும் ஒரு வேதிவினை. இரண்டு பொருள்களைக் கலந்து, இறுகுவதற்குள் குழியில் வைக்கிறார்கள். அந்த வினை முழுசாக நடந்து முடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வினையில் சேராமல் மிச்சம் நிற்பதுதான் உயிரணுக்களைத் தொந்தரவு செய்கிறது. அடைப்புப் பொருள்களின் நச்சுத்தன்மையைக் குறைத்த வரலாறு, பெருமளவுக்கு இந்த மிச்சத்தைக் குறைத்த வரலாறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையில் வரும் முக்கியமான சரக்குகளில் இரண்டை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருக்கும் டப்பா செட்டி கடை மாதிரி ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம்: கிராம்பு, கற்பூரம். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் கிடைக்கும். பாதரசமோ சித்த மருத்துவத்தின் மையப் பொருள். நாலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாதரசம்

அத்தையின் வாயில் இருப்பது அமால்கம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. சீனாவில் கி.பி. 659இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே 'வெள்ளிப் பசை' கொண்டு பல் அடைப்பது பற்றிய குறிப்பு உண்டு என்கிறார்கள். ஐரோப்பாவில் 1826இல் பாரிஸின் தவோ வெள்ளி நாணயத்தை அராவி எடுத்த தூளைப் பாதரசத்தோடு குழைத்து அடைத்தார். 1833இல் கிராக்கர் சகோதரர்கள் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் பெரிய விளம்பரத்தோடு விற்றார்கள். தங்கத் தகடு வைத்து அடைத்துக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1840இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம், அமால்கத்தைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் 1845இல் உறுதிமொழிக் கையெழுத்து கேட்டது. சங்கம்தான் உடைந்தது, 1856இல் கலைந்தே போனது. அமால்கம் நின்றுவிட்டது, ஏனென்றால் அது மலிவு, உறுதி, ஏழைக்கும் எட்டியது.

எந்தத் தரப்பில் நியாயம்? இரண்டிலும் கொஞ்சம் இருந்தது. பாதரசம் வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் சேர்ந்து திடச் சேர்மமாகிவிட்டால் பெரும்பகுதி கட்டுப்பட்டுவிடுகிறது. நம் சித்தர்கள் ரசத்தை 'கட்டுவது' பற்றி நிறையப் பேசினார்கள். அதன் மருத்துவப் பலன் என்ன என்பது தனி விவாதம். ஆனால் திரவமாக ஓடுகிற பாதரசத்தை இன்னொன்றோடு சேர்த்து அடக்கவேண்டும் என்கிற உள்ளுணர்வு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கல்வமும் குழவியும்கூட ஒன்றுதான். பல் மருத்துவர்களும் சின்னக் கல்வத்தில்தான் அரைத்தார்கள்.

பிரச்சினை, கட்டுப்படாத மிச்சம். பழைய முறையில் 5 பங்கு உலோகத் தூளுக்கு 8 பங்கு பாதரசம் விட்டு அரைப்பார்கள். அவ்வளவு விட்டால்தான் நன்றாகக் குழையும். பிறகு மெல்லிய தோலிலோ துணியிலோ மூட்டையாகக் கட்டிப் பிழிந்து உபரிப் பாதரசத்தை வெளியேற்றுவார்கள். அது விரலில் படும், மேஜையில் உருளும், தரைப் பலகை இடுக்கில் போய் உட்காரும். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவப் படிப்பு ஆரம்பித்த காலத்தில் உலகெங்கும் நடைமுறை இதுதான். நோயாளி அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். மருத்துவரும் உதவியாளரும் அந்த அறையில் முப்பது வருஷம் மூச்சு விடுவார்கள்.

ஆவியின் ஆபத்தை உரக்கச் சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஷ்டாக். பாதரசம் நிரம்பிய கருவிகளோடு வருஷக்கணக்கில் வேலை செய்து, தலைவலியும் ஞாபக மறதியுமாகத் தானே பாதிக்கப்பட்டவர். 1926இல் பாதரச ஆவியின் அபாயம் பற்றி எழுதியபோது அமால்கத்தையும் சேர்த்தே கண்டித்தார்.

அமால்கத்தை நிறுத்தாமலேயே மிச்சத்தைக் குறைத்த இரண்டு மாற்றங்கள் அதிகம் பேசப்படாதவை. 1959இல் வில்மர் ஈம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தூளும் பாதரசமும் சரிக்குச் சரி, 1:1 போதும், பிழியவே வேண்டாம் என்று காட்டினார். இதற்குச் சீராக அரைக்கும் இயந்திரமும் பிற்பாடு வந்த முன்கூட்டி அளந்த கேப்சூலும் துணை செய்தன. 1963இல் கனடாவில் இன்னஸ், யூடெலிஸ் இருவரும் செம்பு அதிகமுள்ள கலவையைக் கொண்டுவந்தார்கள். வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உருவாகும் சேர்மம்தான் அமால்கத்தில் முதலில் அரிக்கிற பலவீனமான பகுதி. செம்பு வெள்ளீயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அந்தச் சேர்மம் உருவாகாமல் தடுத்தது.

அப்படியும் மெல்லும்போது கொஞ்சம் ஆவி வருகிறது. பெரும்பாலான மதிப்பீடுகளில் அது நாளொன்றுக்குச் சில மைக்ரோகிராம். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறதா என்று பார்க்க அமெரிக்காவில் 534 குழந்தைகளிடமும் லிஸ்பனில் 507 குழந்தைகளிடமும் வருஷக்கணக்கில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. அமால்கம் வைத்தவர்களுக்கும் பிசின் வைத்தவர்களுக்கும் நரம்பு, அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் ஏன் உலகம் அமால்கத்தைக் கைவிடுகிறது? வாயை விட்டு வெளியே போகும் மிச்சத்துக்காகத்தான். வாஷ்பேசினில் போகும் துகள், குப்பையில் போகும் பிடுங்கிய பல், சுடுகாட்டில் பல்லோடு சேர்ந்து ஆவியாகும் பாதரசம். பாதரச மிச்சம் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடியது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு பல வருஷம் ஓடியது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. 15 வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு அமால்கம் தவிர்க்கப்படவேண்டும் என்ற திருத்தம் 2022இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. உலக அளவில் 2034க்குள் முடித்துக்கொள்வதாக 2025 நவம்பரில் முடிவாகியிருக்கிறது.

ஆக, அமால்கம் போய் வெள்ளை அடைப்பு வருகிறது. வெள்ளை என்றால் பாதுகாப்பு என்று அத்தை நினைக்கிறார். அந்தப் பக்கத்துக் கதையைப் பார்ப்பதற்கு முன் பல்லின் உள்ளே ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

கிராம்பு

வெளியே எனாமல். அதற்குள் டென்டின். நடுவில் ரத்தமும் நரம்பும் உயிரணுக்களும் உள்ள பற்கூழ். டென்டின் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அது சல்லடை. பற்கூழுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் 45,000க்கும் மேல் நுண்குழாய்கள். சொத்தையைத் தோண்டும் ஆழம் கூடக்கூட அடைப்புக்கும் கூழுக்கும் நடுவே உள்ள டென்டின் மெலிகிறது. அந்த மெல்லிய சுவர்தான் எல்லா அடைப்புகளுக்கும் கடைசிக் காவல்.

பல் வலித்தால் பாட்டி கிராம்பை இடுக்கச் சொல்வார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல் மருத்துவர்களும் கிராம்பு எண்ணெயின் யூஜெனாலைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். இன்றும் தற்காலிக அடைப்பில் அந்த வாசனை வரும். 'பல் டாக்டர் ரூம் வாசனை' என்று நாம் சொல்வதே பெரும்பாலும் அதுதான்.

யூஜெனால் நல்லதா கெட்டதா? அடைப்புக்கு அடியிலேயே அதன் செறிவு கிருமியைக் கொல்லும் அளவு. டென்டினைத் தாண்டிக் கூழுக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த அளவில் வலியைத் தணிக்கிறது. சுவரே இல்லாமல் திறந்த கூழின் மேல் நேராக வைத்தால் அதே கிராம்பு உயிரணுக்களைக் கொல்கிறது. பொருள் ஒன்றுதான், மில்லிமீட்டர்தான் வேறு.

ஒரு தவறான குற்றவாளி

இந்த இடத்தில் வரலாறு ஒரு முறை தடம் மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் முன்பல்லை வெள்ளையாக அடைக்க சிலிகேட் சிமென்ட் பயன்பட்டது: கண்ணாடித் தூளும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்தது. அடைத்த பல்லில் கூழ் அடிக்கடி செத்தது. அமிலம்தான் கொல்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். சிறிய அமில மூலக்கூறுக்குப் பதில் பெரிய மூலக்கூறு வைத்தால் நுண்குழாய்க்குள் நுழைய முடியாதே என்ற யோசனை பிறந்தது. 1968இல் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் துத்தநாக ஆக்ஸைடைப் பாலி அக்ரிலிக் அமிலத்தோடு சேர்த்தார். அடுத்த வருஷம் லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தின் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் இருவரும் அதே அமிலத்தைக் கண்ணாடித் தூளோடு சேர்த்துக் கிளாஸ் அயனோமரை உருவாக்கினார்கள். நீண்ட சங்கிலி அமிலம் அசையாது, மிச்சம் இருந்தாலும் ஊடுருவாது. போதாக்குறைக்கு ஃபுளோரைடு கசியும். இன்று பள்ளி முகாம்களில் குழந்தைகளின் பல்லை அடைப்பது பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

இதற்கு நடுவில் 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் பல்லைக் கூழ் தெரியும்படி துளைத்து, அடைக்காமலேயே விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகிச் செத்தது. பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்த்த எலிகளில், உணவுத் துணுக்கு உள்ளே போய் அடைந்தபோதும், சில வாரங்களில் கூழின் மேல் புது டென்டின் பாலம் வளர்ந்தது!

அதாவது இவ்வளவு நாள் பொருளின் விஷம் என்று நினைத்ததில் பெரும்பங்கு, அடைப்பின் ஓரத்தில் உண்டாகும் இடுக்கு வழியே போன கிருமியின் வேலை. 1980களில் காக்ஸ் குழுவினர் மேற்பரப்பை நன்றாக மூடிவைத்தால் அமிலச் சிமென்ட்டுகளைக்கூடக் கூழ் தாங்குகிறது என்று காட்டினார்கள். நச்சுத்தன்மை பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இப்போது முதலில் எழும் கேள்வி, மூடல் சரியாக இருந்ததா என்பதே.

ஆனால் ஊசல் மறுபக்கம் ரொம்ப தூரம் போயிற்று. பொருள் எதுவானாலும் சரி, இறுக மூடினால் போதும் என்ற நம்பிக்கை. இறுக மூட, ஒட்டுகிற பொருள் வேண்டும். பிசின்கள் உள்ளே வந்தன.

கற்பூரம்

1955இல் மைக்கேல் புவனகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பற்றும் என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவென் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின்தான் இன்றைய வெள்ளை அடைப்புகளின் மூதாதை. தேனை விடக் கெட்டி. அதை இளக்க டெக்டிஎம்ஏ என்ற சின்ன மூலக்கூறைக் கலக்கிறார்கள். ஈரமான டென்டினில் ஒட்டவைக்க, தண்ணீரோடு சிநேகமான ஹீமா என்ற இன்னொரு சின்ன மூலக்கூறு.

இதை இறுக வைப்பது நீல விளக்கு. அந்த வெளிச்சத்தை வாங்கி வினையைத் தொடங்கி வைக்கும் பொருளின் பெயர் கேம்பர்குவினோன். நம்ம கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்து எடுப்பது. கபாலீசுவரர் கோயிலில் ஏற்றுகிற சரக்கின் உறவுக்காரர், 468 நானோமீட்டர் நீல ஒளியில் கிளர்ந்தெழுந்து அடைப்பை இறுக்குகிறார். இதைப் படித்த அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இறுகுவது என்றால், சின்ன மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாவது. ஆனால் எல்லாக் கைகளும் கோத்துக்கொள்வதில்லை. பிசின் இறுக இறுக மீதி மூலக்கூறுகள் நகர முடியாமல் நின்ற இடத்திலேயே சிக்கிவிடுகின்றன. வழக்கமாக 50 முதல் 75 சதவீதம் இணைப்புகளே வினைபுரிகின்றன. விடுபட்டவற்றில் பல, ஒரு கையை மட்டும் சங்கிலியில் கொடுத்து ஒட்டிக்கொண்டவை. அவை வெளியே வராது. இரண்டு கையும் சும்மா இருக்கும் சின்ன மூலக்கூறுகள்தான் எச்சிலுக்கும் டென்டின் குழாய்க்கும் கசிகின்றன. முதல் சில நாள்களில் அதிகம், பிறகு குறைவு.

1998இல் ஜெர்மனியில் கெயுர்ட்சன் குழுவினர் இப்படிக் கசியக்கூடிய 35 பொருள்களை உயிரணு வளர்ப்பில் சோதித்தார்கள். சில ஓரளவு சாது, சில கடும் நச்சு. மருத்துவருக்குக் கையாள வசதியாக இருக்கும் குணங்கள், அதாவது சின்ன உருவம், நீரோடு சிநேகம், இவைதான் மூலக்கூறு உயிரணுவை எட்டவும் வசதி செய்கின்றன.

இங்கேயும் மிச்சத்தை முதலில் சந்திப்பது நோயாளி அல்ல. ஹீமா சாதாரண ரப்பர் கையுறையைச் சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும். விரல் நுனி வெடித்து, அரித்து, ஒவ்வாமையோடு அவதிப்படும் பல் மருத்துவப் பணியாளர்கள் பற்றிய கட்டுரைகள் பல நாடுகளிலிருந்து உண்டு. பாதரசத்தைப் பிழிந்த விரல்களுக்கு அடுத்த தலைமுறை விரல்கள்.

மஞ்சள் ஊதாவாவது எப்படி

நச்சு என்று எப்படி அளக்கிறார்கள்? 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட எம்டிடி சோதனைதான் இன்றும் அதிகப் புழக்கம். உயிரணுக்களோடு ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள அணு அதை ஊதாவாக மாற்றும், செத்த அணு மாற்றாது. ஊதாவின் அடர்த்தியை ஒளியால் அளந்தால் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று கணக்கிடலாம். சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 10993இன் 5ஆம் பகுதிப்படி பிழைப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது அணுநச்சு.

இந்தச் சோதனைக்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. கிண்டியில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதன் இணையக் களஞ்சியத்தில் பல் மருத்துவ முதுகலை ஆய்வேடுகள் ஏராளம். புது அடைப்புப் பொருள்களைக் கிருமியோடும் உயிரணுவோடும் வைத்துப் பார்க்கும் வகையைப் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல இடம். நம் நாட்டு ஆய்வகங்களுக்குத் தேவையான அணு வரிசைகள் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து கிடைக்கும். 1940களில் ஒரு எலியிலிருந்து வில்டன் ஏர்ல் எடுத்து வளர்த்த அணுக்களின் சந்ததி, எல்929 என்ற பெயரில், இன்றும் இந்தச் சோதனைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கிளிப் போடுவதற்காகப் பிடுங்கிய நல்ல பல்லின் கூழிலிருந்தும் அணுக்களை வளர்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தட்டில் வளரும் அணுவுக்கு டென்டின் சுவர் கிடையாது, மிச்சத்தை அடித்துக்கொண்டு போக ரத்த ஓட்டமும் கிடையாது. 'தட்டில் செத்தது' என்றால் 'வாயில் சாகும்' என்று அர்த்தமில்லை. அதனால்தான் நடுவே டென்டின் வில்லை ஒன்றை வைத்துச் சோதிக்கும் முறையும் வந்தது. வாட்ஸப் செய்திகள் பல இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பயமுறுத்துகின்றன.

இருமல் மாத்திரையும் பல் பிசினும்

ஹீமாவும் டெக்டிஎம்ஏவும் அணுவை எப்படிக் கொல்கின்றன என்பது 2000ஐ ஒட்டிய வருஷங்களில் தெளிவானது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் குளூட்டாதயோன் என்ற காவல் மூலக்கூறு இருக்கிறது. உள்ளே வரும் முரட்டு மூலக்கூறுகளைத் தன் கந்தகக் கையால் பிடித்து அடக்குவது அதன் வேலை. பிசின் மிச்சம் வந்தால் குளூட்டாதயோன் வேகமாகச் செலவாகித் தீர்கிறது. பிறகு ஆக்சிஜன் சார்ந்த வேதித் துணுக்குகளைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் அணு தன்னைத் தானே முடித்துக்கொள்கிறது.

பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் கல்லீரலில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்: குளூட்டாதயோன் தீர்ந்துபோதல். அதற்கு மாற்றுமருந்து என்ன? என்-அசிட்டைல் சிஸ்டீன். உஸ்மான் ரோட்டில் எந்த மருந்துக் கடையிலும் சளியை இளக்க, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 600 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைப்பதும் இதுவே. அணு இதை வாங்கிப் புது குளூட்டாதயோன் செய்துகொள்கிறது.

அப்படியானால் மாற்றுமருந்தைப் பிசினிலேயே கலந்துவிட்டால் என்ன? லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அனாஹிட் ஜூவெட், தகஹிரோ ஒகாவா இருவரும் சார்ந்த குழுக்கள் இதைச் செய்துபார்த்தன. 2007இல் ஹீமாவிலிருந்து கூழ் அணுக்களை இது காக்கிறது என்று காட்டினார்கள். 2008இல் அக்ரிலிக் பிசினோடு கலந்து, அதன் மேல் கூழ் அணுக்கள் முன்பைவிட நன்றாகப் பிழைத்ததோடு தம் வேலையையும் செய்தன என்று வெளியிட்டார்கள். அழகான யோசனை. விஷத்தை எடுக்க முடியாவிட்டால், மாற்றுமருந்தைப் பக்கத்திலேயே உட்கார வை.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு. பிசின் இறுகுவது தனியுறுப்பு வினையால். கந்தகக் கை உள்ள மூலக்கூறு அந்தத் தனியுறுப்புகளையும் பிடித்துக்கொள்ளும். மருந்து கூடினால் இறுக்கம் குறையலாம். இறுக்கம் குறைந்தால் மிச்சம் கூடும். யூஜெனாலுக்கும் இதே குணம் உண்டு. கிராம்புத் தற்காலிக அடைப்பைச் சரியாகச் சுரண்டாமல் மேலே பிசின் வைத்தால் சரியாக இறுகாது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவது இதனால்தான். ஆக, மாற்றுமருந்திலும் அளவே பிரதானம்.

சுண்ணாம்பு

கடைசிச் சரக்கு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1920இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு ஹெர்மன், கால்சியம் ஹைட்ராக்ஸைடைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். நம்ம வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு. அதன் பிஎச் 12.5 பக்கம், தொட்ட இடத்து அணுக்களைப் பொசுக்கிவிடும். சுண்ணாம்பு அதிகமான வெற்றிலை போட்டு நாக்கு வெந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பொசுங்கிய மெல்லிய அடுக்குக்குக் கீழே கூழ் விழித்துக்கொண்டு புது டென்டின் பாலம் கட்டுகிறது. அளவான காயம், அதற்குப் பதிலாக ஒரு சுவர்.

அதன் குறை, நாளாக நாளாகக் கரைவது. 1993இல் அமெரிக்காவின் லோமா லிண்டாவில் மஹ்மூத் தொராபினெஜாத் குழுவினர் எம்டிஏ என்ற பொருளை அறிமுகப்படுத்தினார்கள். அடிப்படையில் சுத்திகரித்த போர்ட்லேண்ட் சிமென்ட். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்ஸைடு சேர்த்தது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது மிச்சமாக வெளிவருவது என்ன தெரியுமா? கால்சியம் ஹைட்ராக்ஸைடு, அதே சுண்ணாம்பு! இந்தக் கதையில் மிச்சமே மருந்தாக வருவது இங்கேதான். அணுக்களுக்கு உவப்பில்லாத, பல்லைக் கறுக்கவைக்கும் பிஸ்மத்தை எடுத்துவிட்டு ஸிர்கோனியம் சேர்த்த வகைகள் பிறகு வந்தன. ஒரு காலத்தில் கூழ் தெரிந்தாலே ரூட் கனால்தான். இப்போது பொருத்தமான சில பற்களில் இவற்றைப் போட்டுக் கூழைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அத்தைக்குச் சொன்னது

மறுபடி போன் பண்ணினேன். "அத்தை, உங்க மூணு ஃபில்லிங்கும் நாப்பது வருஷம் முன்னாடியே இறுகி முடிஞ்சாச்சு. இப்ப கல்லு மாதிரி இருக்கறத தோண்டினா அப்பதான் ஆவியும் தூளும் ஜாஸ்தியா வரும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அதுக்கு மேல புதுசா பிசின் வைக்கணும், அதுக்கும் ஒரு மிச்சம் இருக்கு."

இது என் சொந்த ஞானம் அல்ல. 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள், குழந்தைகள், நரம்பு அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொன்னபோதே, நல்ல நிலையில் இருக்கும் பழைய அமால்கத்தை மருத்துவக் காரணமின்றி எடுக்கவேண்டாம் என்றும் சொன்னது.

"அப்ப வெள்ளை ஃபில்லிங் வேண்டாங்கறியா?"

"புதுசா சொத்தை வந்தா வெச்சுக்கோங்க. ஆனா டாக்டர் அவசரப்படாம செய்யட்டும்."

அவசரப்படாமல் என்றால்? படித்ததிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பிசினை ஒரே மொத்தமாக அப்பாமல், சாதாரண வகையானால் 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் முழு நேரம் விளக்குக் காட்டவேண்டும். விளக்கின் முனை அடைப்புக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். காற்றுப் படும் மேல்தோல் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். அதைத் துடைத்து மெருகேற்ற வேண்டும். குழி ஆழமானால் அடியில் கூழுக்கு உகந்த ஒரு படுக்கை. எச்சில் உள்ளே வராமல் தடுக்க ரப்பர் திரை. எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. நாற்காலியில் இன்னும் பத்து நிமிஷம் தேவை. கூட்டம் நெரிகிற கிளினிக்கில் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பத்து நிமிஷம்தான்.

ஆய்வகத்தில் குறைத்த நச்சையெல்லாம் கடைசியில் அந்தப் பத்து நிமிஷம்தான் வாய்க்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அடுத்த முறை நீல விளக்கு வாய்க்குள் வரும்போது "சீக்கிரம் முடிங்க டாக்டர், ஆபீஸுக்குப் போகணும்" என்று நானும் சொல்லப்போவதில்லை.

அத்தை ஃபில்லிங்கை எடுக்கவில்லை. முறுக்கு தொடர்கிறது.